நெற்றி தொட்டால்தான் ஆசனமா? பச்சிமோத்தானாசனம் பற்றிய தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

விடியற்காலையில் மொட்டை மாடியில் விரிப்பைப் போட்டு, இரண்டு கால்களையும் நீட்டி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கால் கட்டைவிரலை எட்டிப் பிடிக்க முயல்பவர்களை இன்று எல்லா ஊர்களிலும் காண்கிறோம். ஒருவர் சர்க்கரை நோய்க்காகச் செய்கிறார், இன்னொருவர் தொப்பைக்காக, மற்றொருவர் முதுகுவலிக்காக. யார் சொன்னார்கள் என்று கேட்டால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது, ஏதோ ஒரு புத்தகத்தில் போட்டிருந்தது என்பார்கள். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21-ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்த பிறகு, பள்ளி, அலுவலகம், பூங்கா என்று எங்கும் ஆசனப் பயிற்சி பரவியது. அது நல்லதே. ஆனால் பயிற்சியைவிட வேகமாகப் பரவியது அதைப் பற்றிய செவிவழிச் செய்தி. பச்சிமோத்தானாசனத்தைப் போல அதில் சிக்கிய ஆசனம் வேறு இல்லை எனலாம்.

முதலில் இந்த ஆசனம் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வடமொழியில் ‘பச்சிமம்’ என்றால் மேற்கு. கிழக்கு நோக்கி அமர்ந்து பயிலும்போது உடலின் பின்புறம் மேற்கில் இருக்கும். குதிகால் முதல் பின்தலை வரை அந்தப் பின்புறம் முழுவதையும் நீட்டுவதால் இந்தப் பெயர். 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹட யோகப் பிரதீபிகை இதை ஆசனங்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்றாகச் சொல்கிறது. சிவ சம்ஹிதை இதையே உக்ராசனம் என்கிறது.

உடலுக்குள் நடப்பது இதுதான். தொடையின் பின்புறம் மூன்று தசைகள் உள்ளன. அவற்றின் மேல்முனை, நாம் உட்காரும்போது தரையில் படுகிற இடுப்பெலும்பின் முனையில் பிணைந்திருக்கிறது. கீழ்முனை முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்பில் பிணைந்திருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்தாலே இத்தசைகள் கீழ்ப்பக்கம் இழுபட்டுவிடும். அதன்மேல் இடுப்பை முன்னே சாய்த்தால் மேற்பக்கமும் இழுபடும். தசைகள் இறுகியிருந்தால் அவை இடுப்பெலும்பைப் பின்னோக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இடுப்பு சாய மறுக்கும்போது தலையைக் கீழே கொண்டுபோக ஒரே வழி, முதுகைக் கூனாக வளைப்பதுதான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், கீழே வரும் நம்பிக்கைகளில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

நம்பிக்கை 1: நெற்றி முழங்காலில் பட்டால்தான் ஆசனம் முழுமை

பிரதீபிகை நெற்றியை முழங்கால்மேல் வைக்கச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது என்று நாம் கேட்பதில்லை. ஆண்டுக்கணக்கில் தரையிலேயே அமர்ந்து, அதையே வாழ்க்கையாகக் கொண்ட சாதகருக்கு எழுதப்பட்டது அது. நாமோ எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, இரு சக்கர வாகனத்தில் வீடு திரும்பி, மேசையில் சாப்பிடுகிறோம். சம்மணமிட்டு உண்பதுகூடப் பல வீடுகளில் வழக்கொழிந்துவிட்டது. சாதகரின் முடிவு நிலையை நம் முதல் நாள் இலக்காக வைத்துக்கொள்வது எப்படிப் பொருந்தும்? போதாக்குறைக்கு, கையும் உடற்பகுதியும் நீளமாக, கால் குட்டையாக இருப்பவர் பயிற்சியே இல்லாமல் பாதத்தைத் தொட்டுவிடுவார். அதனால் அவர் நம்மைவிட ஆரோக்கியமானவர் ஆகிவிடமாட்டார்.

சரியான அளவுகோல் எளிமையானது. குனியும்போது தொப்புள் தொடையை நோக்கி முன்னே நகர்கிறதா, தலை மட்டும் கீழே போகிறதா என்று கவனியுங்கள். தொப்புள் நகர்ந்தால் இடுப்பு மடிகிறது. தலை மட்டும் இறங்கினால் முதுகு கூனுகிறது. முன்னது ஆசனம், பின்னது ஆசனத்தைப் போன்ற ஒரு தோற்றம்.

இந்தப் பிழை நீடிக்கக் காரணம் பார்வைக்குத் தெரிவதையே நாம் அளப்பதுதான். நெற்றி பட்டதைப் புகைப்படம் எடுக்கலாம். இடுப்பு மடிந்ததை எடுத்துக்காட்டுவது கடினம். 2020 டிசம்பரில் யோகாசனத்தை மத்திய விளையாட்டு அமைச்சகம் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. போட்டி மேடையில் முழு வடிவத்துக்கு மதிப்பெண் தருவது முறையே. வளரும் பருவத்தில் பயிற்சியாளரின் கண்காணிப்பில் பழகிய பிள்ளைகளின் களம் அது. ஐம்பது வயதில் முதல்முறையாக விரிப்பில் அமர்பவருக்கு நடுவர் யாரும் இல்லை. இருந்தும் நெற்றி படவில்லையே என்ற ஏமாற்றத்தில், “எனக்கெல்லாம் யோகா வராது” என்று இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேர்! தவறான அளவுகோலின் முதல் விலை இது.

நம்பிக்கை 2: வலிக்க வலிக்கத்தான் உடம்பு வளையும்

அடியாத மாடு படியாது என்ற பழமொழியை நாம் உடம்பின் மேலும் ஏவிவிட்டோம். நீட்சிப் பயிற்சியின் முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்துக்குப் பெருமளவு காரணம், தசை நீண்டுவிட்டது என்பதன்று. அந்த இழுவையைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகிக்கொண்டது என்பதுதான். இந்தப் பழக்கம் மென்மையான, அச்சமில்லாத இழுவையில் வரும். கடுமையான வலி வந்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள மேலும் இறுகும். அதாவது, வலியோடு இழுப்பவர் தாம் தேடுகிற நெகிழ்வையே தள்ளிவிடுகிறார்.

இதைவிட ஆபத்தானது, குனிந்திருப்பவரின் முதுகில் இன்னொருவர் கை வைத்து அழுத்துவது. முழுவதுமாகக் குனிந்த நிலையில் முதுகுத் தசைகள் பெரும்பாலும் வேலையை நிறுத்திவிடும். சுமை அப்போது தசைநார்களின் மீதும், முதுகெலும்புக் கட்டைகளுக்கு இடையே உள்ள டிஸ்க்குகளின் மீதும் இறங்கும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் அழுத்தமும் பாதுகாப்பற்ற இடத்தில் விழுகிறது. பல மாதங்கள் விடாப்பிடியாக இழுப்பவர்களுக்கு, உட்காரும் எலும்பின் அருகே, தசை எலும்பில் பிணையும் இடத்தில் ஒரு வலி வரும். உட்கார்ந்தால் குத்தும், நடந்தால் இழுக்கும். அது ஆற மாதக்கணக்கில் ஆகும். அதைத் “தசை பிரிகிறது, நல்லதுதான்” என்று விளக்கி மேலும் இழுக்கச் சொல்கிறார்கள்.

எவ்வளவு நேரம் போதும்? தொடையின் பின்தசை நீட்சியை 30 விநாடி செய்தாலும் ஒரு நிமிடம் செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றே என்று 1994-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முதியவர்களுக்கு மட்டும் ஒரு நிமிடம் கூடுதல் பயன் தருவதாகப் பின்னர் வந்த ஆய்வு சொன்னது. பதினைந்து நிமிடம் கண்ணீரோடு கிடப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆசனம் உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் பதஞ்சலி வகுத்த இலக்கணம். வலிக்கு அதில் இடமே இல்லை.

நம்பிக்கை 3: தினமும் செய்தால் தொப்பை கரையும்

இந்த நம்பிக்கையின் வேர் பழையது. வயிறு மெலியும் என்று பிரதீபிகையே பலன் சொல்கிறது. அளவோடு உண்டு, நாள் முழுதும் சாதனையில் ஈடுபட்டவரின் வயிறு மெலிந்ததில் வியப்பில்லை. மூன்று வேளை உணவையும் இரண்டு வேளை நொறுக்குத் தீனியையும் அப்படியே வைத்துக்கொண்டு, மூன்று நிமிடம் குனிந்தெழுபவருக்கு அதே பலனை எதிர்பார்ப்பதுதான் தவறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் ஆசனப் பயிற்சி செய்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். மூன்று நிமிடத்துக்கு ஏழு அல்லது எட்டு கலோரி. ஒரே ஓர் இட்லியில் இருப்பது அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். உடலில் ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம். இந்த ஆசனத்தால் மட்டும் ஒரு கிலோ குறைக்க ஆயிரம் நாள் தேவைப்படும். மேலும், எந்த இடத்தை மடக்குகிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பதும் தவறு. கொழுப்பு உடல் முழுவதிலுமிருந்து எடுக்கப்படுகிறது. எங்கிருந்து முதலில் எடுக்க வேண்டும் என்று நாம் கட்டளையிட முடியாது.

ஆனாலும் பலர் “எனக்குக் குறைந்தது” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. யோகா தொடங்கிய அதே வாரத்தில் இரவுச் சாப்பாட்டைக் குறைத்திருப்பார்கள், நடக்கவும் ஆரம்பித்திருப்பார்கள். புகழ் மட்டும் ஆசனத்துக்குப் போய்விடுகிறது. வயிற்றைச் சுற்றிய கொழுப்பு சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழிகாட்டி. அதைக் குறைக்க உணவுக் கட்டுப்பாடும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பும் வேண்டும். அவற்றைச் செய்யாமல் குனிந்துகொண்டே கழியும் மாதங்கள் வீணான மாதங்கள்.

நம்பிக்கை 4: கணையத்தைப் பிழிந்து சர்க்கரை நோயை விரட்டும்

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருக்கிறது. அது ஈரத் துணியன்று, முறுக்கிப் பிழிந்தால் இன்சுலின் சொட்டுவதற்கு. இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது, கணையத்தின் உரிய செல்கள் அதை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் அந்தச் செல்களையே உடலின் எதிர்ப்பு சக்தி அழித்துவிடுகிறது. அழிந்துபோனதை அழுத்திச் சுரக்க வைக்க எந்த ஆசனத்தாலும் இயலாது. இரண்டாம் வகையில், ஆசனம், மூச்சுப் பயிற்சி, தளர்வு எல்லாம் சேர்ந்த யோகப் பயிற்சி, மருந்தோடும் உணவோடும் துணையாக நின்று சர்க்கரை அளவை ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. துணை என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனியொரு ஆசனம் மாத்திரைக்கு மாற்று என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக அது மதிப்பிட்டது. ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்தையும் இந்த நோய் தொட்டுவிட்டதால்தான் இந்த வதந்திக்கு இவ்வளவு செவிகள் கிடைக்கின்றன. வாழ்நாள் முழுதும் மருந்து என்ற சோர்வும், மருந்துச் செலவும் சேர்ந்து, “இதைச் செய்தால் போதும்” என்ற சொல்லை இனிக்கச் செய்கின்றன. விலை என்னவென்று பாருங்கள். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. இரண்டாம் வகையில் மருந்தை நிறுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் சத்தமில்லாமல் பழுதாகும். ஆசனம் செய்யுங்கள், மருந்தைக் குறைப்பதா என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

நம்பிக்கை 5: எந்த முதுகுவலிக்கும் இது நல்ல மருந்து

இதுதான் மிகவும் பரவியது, மிகவும் தீங்கானதும்கூட. முதுகுவலி என்பது ஒரே நோயன்று. தசைப் பிடிப்பும், டிஸ்க் விலகலும், நரம்பு நெரிசலும், எலும்புத் தேய்வும் ஒரே பெயரில் வருகின்றன. சுவீடனின் எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாசெம்சன் 1960-களில் உயிருள்ளவர்களின் டிஸ்க்குக்குள் அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போதும், உட்கார்ந்து முன்னே சாயும்போது அதைவிடவும் அழுத்தம் கூடுவதை அவர் கண்டார். பச்சிமோத்தானாசனம் உட்கார்ந்து முன்னே குனிவது. கூனிய முதுகோடு குனியும்போது டிஸ்க்கின் உட்பொருள் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. பின்னால் இருப்பவை நரம்புகள்.

சயாட்டிகா என்று நாம் சொல்லும் வலி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பின் வேர்கள் நெருக்கப்படுவதால் வருவது. அந்த நோயைக் கண்டறிய மருத்துவர் செய்யும் ஒரு சோதனையை நினைத்துப் பாருங்கள். நோயாளியை உட்காரவைத்து, முதுகைக் கூனச் செய்து, தலையைக் குனியவைத்து, காலை நீட்டச் சொல்வார். வலி தெறித்தால் நரம்பு பாதிப்பு இருக்கிறது என்று பொருள். நெற்றியை முழங்காலில் வைக்க முயலும் நோயாளி, வலியை வரவழைக்கும் அதே சோதனையைத் தினமும் தம் மீது நடத்திக்கொள்கிறார். இதை மருந்து என்று யாரும் பரிந்துரைக்கலாமா?

நாள்பட்ட சாதாரண முதுகுவலிக்கு யோகப் பயிற்சி உதவும் என்பது மறுக்க முடியாதது. 2017-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டுதலில், மருந்தில்லாத முதற்கட்டச் சிகிச்சைகளுள் ஒன்றாக யோகாவும் இடம்பெற்றது. அதே ஆண்டில் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிட்ட காக்ரேன் குழு, யோகாவால் சிறிதளவு முதல் நடுத்தர அளவு வரை நன்மை உண்டு என்றது. சிலருக்கு முதுகுவலி கூடியதையும் அது பதிவு செய்தது. நாம் முதல் பாதியை மட்டும் பகிர்கிறோம். குனிந்தால் வலி கூடுகிறவருக்கும், நிமிர்ந்தால் வலி கூடுகிறவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது என்ற எளிய உண்மை அந்தப் பகிர்வில் தொலைந்துபோகிறது.

நம்பிக்கை 6: யோகா இயற்கையானது; எந்த வயதிலும் கெடுதல் செய்யாது

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைவது இயல்பு. முதுகெலும்பு மெலிந்தவர் முன்னே குனியும்போது, முதுகெலும்புக் கட்டைகளின் முன்பக்கத்தில் சுமை குவிகிறது. மெலிந்த எலும்பு அங்கே நொறுங்கிச் சப்பையாகிறது. 1984-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, முதுகெலும்பு மெலிந்த 59 பெண்களைப் பின்தொடர்ந்தது. முன்குனியும் பயிற்சிகள் செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் புதிதாக எலும்பு நொறுங்கியது. முதுகை நிமிர்த்தும் பயிற்சிகள் செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கே அவ்வாறு ஆனது. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களில் 67 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆனால் காட்டும் திசை தெளிவாக இருக்கிறது. குனியும் பயிற்சி, சும்மா இருந்ததைவிட மோசமான விளைவைத் தந்தது.

இயற்கை என்ற சொல்லை நாம் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு மாற்றாகப் பயன்படுத்துகிறோம். அதனால்தான் பூங்காவில் இருபது வயதுப் பெண்ணுக்கும் அறுபத்தைந்து வயதுப் பாட்டிக்கும் ஒரே கட்டளை ஒலிக்கிறது. நொறுங்கிய முதுகெலும்பு பல நேரங்களில் பெரிய வலியைக்கூடத் தருவதில்லை. உயரம் குறைந்து, முதுகு கூனிய பிறகுதான் தெரியவருகிறது. அப்போதும் “வயசாச்சு, கூன் விழத்தானே செய்யும்” என்று கடந்துவிடுகிறோம்.

நம்பிக்கை 7: பிள்ளைகள் செய்தால் உயரம் வளரும்

எலும்பு நீளமாக வளர்வது அதன் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளில். பதின்பருவத்தின் இறுதிக்குள் அவை மூடிக்கொள்கின்றன. அதன்பின் எந்த நீட்சியும் எலும்பை நீட்டாது. மூடுவதற்கு முன்பும் நீட்சி அதை வேகப்படுத்துவதில்லை. உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பரம்பரையும் சத்துணவும் உடல்நலமும். காலையில் அளந்தால் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறதே என்பார்கள். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புவதால் நாம் எல்லோரும் காலையில் சற்று உயரமாகத்தான் இருக்கிறோம்; மாலைக்குள் அது வற்றிவிடும். வளர்ச்சி உண்மையிலேயே குன்றிய பிள்ளையைக் குழந்தை மருத்துவரிடம் உரிய வயதில் காட்டாமல் ஆசனத்தில் ஆண்டுகளைக் கழித்தால், சிகிச்சைக்கான காலமே கடந்துவிடும்.

நம்பிக்கை 8: எழுந்தவுடன் செய்தால்தான் பலன்

மேலே சொன்ன அதே உப்பிய டிஸ்க்தான் இதற்கும் விடை. நீர் ஏறிய டிஸ்க் விறைப்பாக இருக்கும். குனியும்போது அதன்மீது அழுத்தம் கூடுதலாக விழும். நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்கள் காலையில் குனிவதைக் கட்டுப்படுத்தியதால் வலி குறைந்ததாக 1998-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதிகாலை என்பது மனம் அமைதியாக இருக்கும் நேரம், வயிறு காலியாக இருக்கும் நேரம். அந்தக் காரணங்கள் நியாயமானவை. ஆனால் படுக்கையிலிருந்து நேராக விரிப்புக்கு வராமல், ஒரு மணி நேரம் நடமாடிவிட்டு, உடம்பு சூடேறிய பின் குனியலாம். மாலையில், சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் கழித்துச் செய்தாலும் பலன் குறையாது.

நம்பிக்கை 9: மாதவிலக்கில் கூடாது, கர்ப்பத்தில் செய்தால் சுகப்பிரசவம்

இரண்டும் தலைகீழாகப் பரவிய செய்திகள். மாதவிலக்கின்போது மென்மையாக முன்சாய்வதால் தீங்கு வரும் என்பதற்குச் சான்று இல்லை. யோக ஆசிரியர் பி.கே.எஸ். அய்யங்காரின் மரபில் அந்நாட்களில் தலையணையின் மீது நெற்றியைச் சாய்த்துச் செய்யும் முன்குனிவுகளைப் பரிந்துரைக்கவே செய்கிறார்கள். அசதியாக இருந்தால் விட்டுவிடலாம். விலக்கி வைக்கத் தேவையில்லை. கர்ப்ப காலத்திலோ, கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வயிற்றை மடக்கும் இந்த வடிவம் ஏற்றதன்று. கர்ப்பிணிகளுக்கான பயிற்சியை மகப்பேறு மருத்துவரின் ஒப்புதலோடு, அதில் பயின்ற ஆசிரியரிடம்தான் செய்ய வேண்டும்.

அப்படியானால் உண்மையான பயன் என்ன?

பயன் உண்டு, குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொடையின் பின்தசைகளும் இடுப்பும் நெகிழும். நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவே பெரிய நிம்மதி. மூச்சை நீளமாக விட்டபடி அசையாமல் இருப்பதால் மனம் தணிகிறது. குனிந்து நிமிரும் அன்றாட வேலைகள் எளிதாகின்றன. நோய் தீர்க்கும் மந்திரமாக இதைக் காட்டுகிறவர்களே இந்த எளிய, நம்பகமான பயன்களை மதிப்பிழக்கச் செய்கிறார்கள்.

டிஸ்க் விலகலோ சயாட்டிகாவோ உள்ளவர்கள், எலும்பு மெலிவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் வயிற்றிலோ கண்ணிலோ முதுகிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு செய்யவே கூடாது. பயிற்சியின்போது வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, காலில் மரத்துப்போதலோ குறுகுறுப்போ வந்தாலோ அங்கேயே நிறுத்த வேண்டும். கால் பலவீனமாகி, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால் அது அவசர நிலை; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்கள் தொடங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, கால்களை நீட்டி உட்காருங்கள். அடிமுதுகு கூனாமல் நிமிர்ந்து உட்கார முடிகிறதா? முடியவில்லை என்றால் இன்னும் குனியும் நேரம் வரவில்லை. ஒரு போர்வையை நான்காக மடித்து, அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு தானாக முன்னே சாயும். முழங்காலைச் சற்று மடக்குங்கள். தொடைத் தசையின் பிடி தளரும். பாதத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு அதன் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது முதுகை உயர்த்தி, விடும்போது இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். மூச்சு இடறும் இடமே உங்கள் எல்லை. அதற்குச் சற்று முன்பே நின்று, 30 விநாடி இருந்து, மெல்ல நிமிருங்கள். இப்படி மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள் போதும்.

போர்வையும் துண்டும் வைத்துக்கொள்வது தோல்வியின் அடையாளம் என்று கருதுகிறோமே, அந்த எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 1966-இல் வெளியான தம் நூலால் உலகெங்கும் ஆசனங்களைக் கொண்டுசென்ற அய்யங்காரே பட்டையையும் போர்வையையும் தலையணையையும் பயிற்சியின் உறுப்புகளாக ஆக்கினார். அவர் செய்துகாட்டியதை நாம் வெட்கப்பட்டு ஒதுக்குவதில் பொருளில்லை.

இந்த ஆசனத்தால் ஒரு நோய் தீரும் என்று சொல்லும் செய்தி அடுத்த முறை கைப்பேசியில் வந்தால், மற்றவருக்கு அனுப்புமுன் கொஞ்சம் நில்லுங்கள். பெறுபவரின் வயது என்ன, அவர் எலும்பு எப்படி இருக்கிறது, அவர் என்ன மருந்து எடுக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. அனுப்பாமல் விடுவதே அவருக்கு நீங்கள் செய்யும் நன்மை. விரிப்பில் அமரும்போது இதை நினைவில் வையுங்கள்: முழங்காலைச் சற்று மடக்கி, முதுகைக் கூனவிடாமல், மூச்சு சீராக ஓடும் இடத்தில் நின்றுகொண்டவர் ஆசனத்தைப் பாதியில் விட்டவர் அல்லர். அவர்தான் அதை முழுமையாகச் செய்தவர்.